பேக்கப் இருக்கு... ஆனா இல்ல! ஒரு பழைய வெர்ஷன் கொடுத்த ஷாக்

2017 ஜனவரி 31, இரவு. உலகெங்கும் புரோகிராமர்கள் தங்கள் கோடிங்கைச் சேமித்து வைக்கும் 'கிட்லேப்' தளத்தில் டேட்டாபேஸ் கோளாறு. சரிசெய்யப் போராடிய இன்ஜினீயர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை மெயின் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்!

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினால், அந்த இடமே காலி. காரணம், வெர்ஷன் குழப்பம். டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6-ல். இன்ஸ்டால் செய்த பேக்கேஜில் பழைய 9.2-ம் இருந்தது. பேக்கப் எடுக்கும் வேலை நடந்த சர்வரில் டேட்டாபேஸ் இல்லாததால், எந்த வெர்ஷன் என்று தெரியாமல் பழையதையே அது எடுத்துக்கொண்டது. வெர்ஷன் பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மெயில்களும் ஊழியர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல். அந்த 6 மணி நேரத்தில் பதிவான தகவல்கள் போனது போனதுதான். சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன. நடந்ததை ஒளிக்காமல் கிட்லேப்பே வெளியிட்டது.

சர்வரை அப்டேட் செய்தால், மீட்கும் சாஃப்ட்வேரின் வெர்ஷனையும் சேர்த்துப் பாருங்கள். வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டும் பாருங்கள்.

சர்வர் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். குடும்ப போட்டோக்களை ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறீர்களா? இன்றே நாலு போட்டோவைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்!