பாரமும் தூரமும்

தில்லியில் மோதி பாக் குடியிருப்புகளுக்கு அருகே, சாணக்கியபுரியில் 1977 பிப்ரவரி 1ஆம் நாள் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், பழைய நீராவி எஞ்சின்களோடு ஒரு யானையின் மண்டையோடும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1894ஆம் ஆண்டு கோல்கேரா என்னுமிடத்தில் அஞ்சல் ரயிலை எதிர்த்து மோதி மடிந்த யானையினுடையது அது. எஞ்சின் எத்தனை டன் எடையுள்ளதானாலும் தன் சக்கரங்களின்மேல் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. மண்டையோடோ தனித்து நிற்பதற்காக உருவானதன்று. ஆகவே இத்தகைய ஒன்றை ஆழமான பெட்டிச்சட்டத்தில் வைத்துச் சுவரில் மாட்ட நினைப்பவர், எடையைவிட அந்த எடை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையே முதலில் கணக்கிட வேண்டியிருக்கிறது.

தட்டையான படத்தின் எடை சுவரை ஒட்டியே கீழ்நோக்கி இறங்குவதால், அது ஆணியைக் குறுக்காக வெட்டப் பார்க்கிறதே தவிர வெளியே இழுப்பதில்லை. பருமனுள்ள பொருளில், எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க ஈர்ப்பு மையம் சுவரைவிட்டு முன்னே தள்ளி நிற்கிறது. எடையை அந்தத் தூரத்தால் பெருக்கினால் கிடைக்கும் திருப்புத்திறன், சட்டத்தைத் தலைகுப்புறக் கவிழ்க்க முயல்கிறது. இடுப்பில் அணைத்த தண்ணீர்க் குடத்தைச் சுமக்கும் கை, அதே குடத்தை நீட்டிப் பிடித்தால் தளர்ந்துபோவது இதனால்தான். 10 கிலோ பொருளின் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியும், மேல் திருகாணிக்கும் சட்டத்தின் அடிவிளிம்புக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டராகவும் இருந்தால், திருகாணியை வெளியே பிடுங்கும் விசை இரண்டரை கிலோ எடைக்குச் சமம். அந்த இடைவெளி 10 சென்டிமீட்டராகக் குறைந்தாலோ விசை முழுப் பத்து கிலோவாகிவிடும். சிமென்ட் பூச்சின் கனம் பெரும்பாலும் 12 முதல் 20 மில்லிமீட்டர்தான் என்பதால், பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் இறங்காத திருகாணியை நம்புவதற்கில்லை.

உயிருள்ள யானையும் இதே கணக்கைத்தான் சுமந்து திரிகிறது. தும்பிக்கையும் தந்தங்களும் சேர்ந்த தலை உடலுக்கு முன்னே தொங்கும் பாரமாக இருப்பதால், மண்டையோட்டின் பின்புறத்திலுள்ள ஆழமான குழியில் பற்றிய தடித்த கழுத்து நார் மேலே இழுத்துப் பிடிக்க, அதற்குக் கீழேயுள்ள இரு எலும்புக் குமிழ்கள் முதுகெலும்பை அழுத்தி நிற்கின்றன. மேலே இழுவிசை, கீழே அழுத்துவிசை என்ற இந்த ஏற்பாடு, மேலே திருகாணியும் கீழே சுவரில் பதியும் விளிம்புமாக நிற்கும் சட்டத்தின் ஏற்பாடேதான். யானைக்குக் கழுத்து குறுகியிருப்பது அழகுக் குறையாகத் தோன்றலாம். பொறியியல் கண்ணுக்கோ அது பாரத்தை உடலுக்கு நெருக்கமாக வைத்திருக்கும் உத்தி.

எலும்பின் உட்புறமெங்கும் காற்றறைகள் நிறைந்திருப்பதால் மண்டையோடு அதன் பருமனுக்கு ஏற்ற எடை கொண்டிருப்பதில்லை. ஆனால் அந்த அறைகளின் மெல்லிய சுவர்களில் திருகாணியை இறக்குவது எலும்பையே நொறுக்குவதாகும். எனவே அருங்காட்சியகங்களில் பொருளைத் துளைக்காமல், அதன் வளைவுக்கேற்ப வளைத்த பித்தளைக் கம்பிகளால் அணைத்துப் பிடித்து, தொடுமிடங்களில் மென்துணியோ பாலிஎத்திலீன் நுரையோ வைத்து அழுத்தத்தைப் பரப்புகிறார்கள். எபாக்சி பசையால் ஒட்டிவிடுவது எளிது. ஒட்டியதைச் சேதமின்றிப் பிரிப்பது அரிது என்பதால் அதை ஒரு வழியாகவே கருதக் கூடாது. தில்லியில் இன்னொரு தொல்லையும் உண்டு: மே மாத வறண்ட வெப்பத்தில் சுருங்கும் மரம் மழைக்காலத்தில் உப்புகிறது, அதுவும் நார் ஓடும் நீளத்தில் அல்லாமல் குறுக்குவாட்டில் என்பதால், 45 பாகையில் சேர்த்த சட்ட மூலைகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நெகிழ்கின்றன. ஆகவே பொருளின் எடையைத் தடித்த பிளைவுட் பின்பலகையே தாங்க வேண்டும். முன்சட்டம் முகப்பு மட்டுமே.

பின்புறம் கம்பி கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இத்தகைய பாரங்களுக்குப் பொருந்தாது. 10 கிலோ எடையைத் தாங்கும் கம்பியின் இரு கரங்களும் கிடைமட்டத்தோடு 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 10 கிலோ இழுவிசை. தொய்வைக் குறைத்து 15 பாகையாக்கினால் அது 19 கிலோவைத் தாண்டிவிடுகிறது. கம்பியை இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் நேர்மாறான விளைவையே தருகிறது. இதற்கு மாற்றாக, ஒரு மரச்சட்டத்தை நெடுகே 45 பாகைச் சாய்வில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைப் பின்பலகையிலும் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அமரவைப்பார்கள். சாய்வு சுவரை நோக்கி இறங்குவதால் பொருளின் எடையே சட்டத்தின் மேற்பகுதியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிறது. பாரமும் ஓரிரு ஆணிகளில் குவியாமல் பல திருகாணிகளில் பரவுகிறது.

தில்லி நெடுங்காலமாக நில அதிர்வின் நான்காம் மண்டலத்தில் வைக்கப்பட்டுவந்த நகரம். இந்தச் சாய்வுப் பிடிப்பு கீழ்நோக்கிய பாரத்துக்கு உறுதியானதேயன்றி, தரை குலுங்கி எல்லாவற்றையும் மேலே தூக்கினால் கழன்றுவிடக்கூடியது; அதனால் சட்டத்தின் அடிவிளிம்பை ஒரு சிறு உலோகத் தகட்டாலும் திருகாணியாலும் சுவரோடு பூட்டிவைக்கிறார்கள்.