தலைவர் கூற்றும் இதழ் கேட்போரும்

அரசியல் தலைவர்க்கும் செய்தித்தாளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் பெரும்பாலும் செய்தியாளரை இடையில் நிறுத்தியே தொடங்குவர். தலைவர் பேசுவார், செய்தியாளர் எழுதுவார், மக்கள் படிப்பர். தமிழகத்து இருபதாம் நூற்றாண்டு வரலாறு இம்முறைக்கு முழுதும் இயையவில்லை. ஈண்டுத் தலைவரே இதழாசிரியராகவும் விளங்கினார். திரு.வி.க. 1917இல் தேசபக்தனையும், 1920இல் நவசக்தியையும் நடத்தத் தொடங்கினார். பெரியாரின் குடி அரசு 1925இலும், அண்ணாவின் திராவிட நாடு 1942இலும் தோன்றின. குடி அரசில் 1933இல் வெளிவந்த தலையங்கம் ஒன்றன் பொருட்டுப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மையாரும் சிறை சென்றமை, அந்நாளில் தலையங்கம் எத்துணைப் பொறுப்புடைய எழுத்தாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும்.

இவ்வரலாற்றில் நம் துறையினர் கருதத்தக்கது கடித வடிவமேயாம். அண்ணா ‘தம்பி’ என விளித்து மடல்கள் வரைந்தார். முரசொலியில் கலைஞர் ‘உடன்பிறப்பே’ என விளித்தார். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், முன்னம் என்பனவும் உள. அகப்பாட்டை அறிதற்கு அமைந்த இவை இம்மடல்களை அறிதற்கும் பெரிதும் துணை செய்கின்றன. மேடையில் ஆயிரவர் நோக்கி எழுந்த கூற்று, மடலில் ஒருவரையே கேட்போராகக் கொள்கிறது. படிப்பவர் ஒவ்வொருவரும் தாமே அத்தம்பி எனக் கொள்வர். இடையே திரித்துரைப்பார் இலர். வினவுவாரும் இலர் என்பதையும் உடன் கூறல் வேண்டும். தம்பி என்னும் முறைப்பெயர் அன்பைத் தருவதோடு, மூத்தோன் சொல்லுக்கு அடங்கும் இடத்தையும் தருகிறது.

முன்னம் என்பதற்கு நெருக்கடி நிலைக் காலத்தே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு நீக்கப்பட்டது, கட்சியினர் பலர் சிறைப்பட்டனர். தணிக்கை நிலவியமையின் அச்செய்தியை வெளியிட இயலவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று அவர் நினைவிடத்திற்கு மலர் வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் என்னும் பெயரால் முரசொலி பெயர்களை வெளியிட்டது. வர இயலாமைக்குக் காரணம் கூறப்படவில்லை. கேட்போர் உய்த்துணர்ந்தனர்.

ஒடுக்கப்பட்ட காலத்தில் இவ்வாறு பயன்பட்ட வடிவம், ஆட்சி கைவந்த பின் என்னாகும்? அண்ணா 1967இல் முதலமைச்சரான பின்னரும், 1969 பொங்கல் மலர் வரை, காஞ்சி இதழில் தம்பிக்கு எழுதினார். கூற்றும் கேட்போரும் பழையனவே, களன் மாறிவிட்டது. அண்ணன் மடல் இப்பொழுது அரசின் சொல்லும் ஆகிறது. செய்தியாளர் வினாவுக்கு விடையளிக்க வேண்டிய பொருளை மடலில் உரைத்தால், அதனை மறுத்து வினவுவோர் யார்? இவ்வினாவைத் தொகுப்பு நூல்களைக் கொண்டு ஆராய்தல் அரிது. அவற்றில் மடல் தனிக் கட்டுரைபோல் நிற்கிறது. அவ்விதழையும், அவ்வாரத்து மாற்றுக் கட்சி ஏடுகளையும் ஒருங்கு வைத்துப் படித்தே ஆய்வு மாணவர் முடிபு காணல் வேண்டும்.