துப்பாக்கி ஏந்திய பூனைகள்: போரின் அச்சத்தைக் கணக்கிடும் ஒரு விளையாட்டு

போரைக் கருவாகக் கொண்ட விளையாட்டுகளில் வீரர்கள் பொதுவாக அஞ்சுவதில்லை. குண்டு பாய்ந்தாலும் அடுத்த சுற்றில் எழுந்து நின்று சுடுவார்கள். விலங்கு முகம் கொண்ட சிப்பாய்களைப் படைத்த 'அல்பீடோ' என்ற அறிவியல் புனைகதை விளையாட்டு இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது.

இது கணினி விளையாட்டு அன்று. நால்வர் அல்லது ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, பேச்சின் மூலமே கதையை நகர்த்திச் செல்லும் வகையைச் சேர்ந்தது. 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி.

அல்பீடோ விளையாட்டு 1988-ல் வெளியானது. அதற்கு அடிப்படை, அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய ஓவியர் ஸ்டீவ் கலாச்சி 1980களில் வெளியிடத் தொடங்கிய இதே பெயரிலான சித்திரக்கதை இதழ். ஸ்டான் சகாயின் புகழ்பெற்ற முயல் சாமுராய் 'உசாகி யொஜிம்போ' 1984-ல் முதலில் தோன்றியதும் இவ்விதழில்தான் என்பது பலர் அறியாத செய்தி.

கதையின் நாயகி எர்மா ஃபெல்னா, பூனை இனத்தைச் சேர்ந்த ராணுவ அதிகாரி. அவர் வாழும் உலகில் பூனை, நாய், முயல் என்று பல இனத்தவரும் நிமிர்ந்து நடக்கின்றனர், விண்கலங்களைச் செலுத்துகின்றனர். ஆனால் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய வரலாறு அவர்களுக்கு இல்லை. தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதை அவர்கள் அறியார்கள்.

இந்தச் சமூகத்திலிருந்து முயல்களின் தனிக் குடியரசு ஒன்று பிரிந்து, தன் இனமே உயர்ந்தது என்று முழங்கிப் போர் தொடுக்கிறது. பஞ்சதந்திரக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பேசும் விலங்குகள் புதிதல்ல. ஆனால் அங்கே நரி என்றால் தந்திரம், சிங்கம் என்றால் அரசு. பிறப்பே குணத்தைத் தீர்மானித்துவிடுகிறது. அல்பீடோவிலோ அப்படி நம்புவது எதிரியின் கொள்கை. முயலாகப் பிறந்தும் அக்கொள்கையை ஏற்காதவர்கள் எர்மாவின் தரப்பில் உள்ளனர்.

விளையாட்டின் விதிகளும் இந்த நிதானத்துடனேயே அமைந்துள்ளன. துப்பாக்கிக் காயம் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும், அல்லது பாத்திரத்தைச் செயலிழக்கச் செய்யும். 2000களின் நடுப்பகுதியில் சங்குயின் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில், உடற்காயத்தைப் போலவே மனத்தின் நிலையும் கணக்கிடப்படுகிறது. குண்டுகள் சீறும்போதும் தோழர் வீழும்போதும் 'ஆ' என்ற மலைப்பின் அளவு ஏறுகிறது. அது மிகும்போது நல்ல பயிற்சி பெற்றவரும் தடுமாறுகிறார். அதை எதிர்கொள்ள உதவும் 'டிரைவ்' என்ற மனவுறுதியும் செலவழிந்து தீரக்கூடியது.

சாகசம் தேடி வரும் ஆட்டக்காரர்களுக்கு இது ஏமாற்றம் அளிக்கலாம். எதிரியைச் சுட்டு வீழ்த்துவதைக் காட்டிலும், நடுங்கும் சக சிப்பாயை மறைவிடத்துக்கு இழுத்து வருவதே ஒரு மாலை முழுவதற்குமான ஆட்டமாகிவிடக்கூடும்.