அழகுக்கு அடகு வேண்டாம்!

போன கோடையில் என் தங்கை ஒரு யோசனையோடு வந்தாள். "அக்கா, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஒரு பக்கச் சுவர் முழுக்க வால்பேப்பர் ஒட்டலாம்னு இருக்கேன். கையில பணம் இல்ல. இந்த ரெண்டு வளையலையும் அடகு வெச்சுடலாமான்னு பார்க்கிறேன்."

மடியில் ஏழு மாதக் குழந்தை. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு! அவளுடையது மேற்குப் பார்த்த மொட்டை மாடி வீடு. மத்தியானமானால் அனல் வீசும். அந்த ஹாலுக்குத் தேவை வால்பேப்பரா, காற்றா? நீங்களே சொல்லுங்கள்!

"வளையல் கையிலேயே இருக்கட்டும். அடுத்த வாரம் கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போறோமே, அங்கே உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்றேன்.

சுருள் சுருளாய் ஒரு காபி ஹவுஸ்

தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இந்தியன் காபி ஹவுஸ். வட்டமான கட்டடம். உள்ளே தரை, சுருள் போல ஏறிக்கொண்டே போகிறது. மேஜையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. சுவர் நெடுகச் சின்னச் சின்னத் திறப்புகள். வெளிச்சம் சல்லடையில் சலித்த மாதிரி விழுகிறது. காபி ஆறுவதுகூடத் தெரியாமல் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இந்தியா வந்து, கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, 2007-ல் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்திஜியின் கருத்து அவர் மனதில் ஆழப் பதிந்திருந்தது. இமயமலைக் கிராமத்து ஜனங்களும் நம் பழைய வீடுகளும்தான் அவருக்கு வாத்தியார்கள்!

எப்படிச் சிக்கனம்?

செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார். நடுவில் வெற்றிடம் வரும். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். ஜன்னலென்றால் சட்டம், கம்பி, கதவு என்று செலவு இழுக்கும். அதற்குப் பதில் பல இடங்களில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கினார். அதுதான் ஜாலி. கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். சுவருக்குப் பூச்சு இல்லாததால் பெயிண்ட் செலவும் மிச்சம்.

வீடு கட்டப் போகிறவர்களே, இது எல்லா மேஸ்திரிக்கும் கைவராது. நல்ல செங்கல்லும், இதில் பழகிய கையும் வேண்டும். மழைச் சாரல் சுவரில் அடிக்காதபடி கூரையை நன்றாக நீட்டி விடவும் வேண்டும்.

"நம்மது கட்டின வீடாச்சே அக்கா?" என்றாள் தங்கை. வாஸ்தவம். ஆனால் பேக்கரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது செங்கல்லை அல்ல, அவர் பார்த்த விதத்தை. எதைச் சேர்க்கலாம் என்று பார்க்குமுன், எது தடையாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தங்கை செய்தவை

* கிழக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த பீரோவை வேறு சுவருக்கு நகர்த்தினாள்.
* கனமான வெல்வெட் திரையை எடுத்துவிட்டு, பழைய வெளிர் நிற நூல் புடவைகளைத் திரையாகத் தைத்தாள்.
* மேற்கு ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி. பகலில் அந்த ஜன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்.
* வீட்டுக்காரரிடம் சொல்லி மொட்டை மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாள்.
* சோபா வாங்காமல், இரண்டு டிரங்குப் பெட்டிகள் மேல் மெத்தை போட்டு, பவானி ஜமக்காளம் விரித்தாள்.

ஒரு எச்சரிக்கை: தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், ஏறி நிற்க வசதியாக ஜன்னலடியில் எதையும் போடாதீர்கள். மாடி ஜன்னலுக்குக் கம்பி அவசியம்.

அனல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேர்க்குரு அடங்கியது. குழந்தை மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். அவன் தூங்குவதால் அம்மாவும் கொஞ்சம் கண்ணயர்கிறாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு மாமி வந்து, "ஹால் பளிச்சுனு இருக்கே, புதுசா என்ன வாங்கினே?" என்று கேட்டாராம்.

"காத்துதான் மாமி!" என்றாளாம் தங்கை, வளையல் குலுங்க.