சீனக் காசா? பின்பக்கத்தைப் பாருங்கள்

கடலூர், சிதம்பரம் கடைத்தெருக்களில் சிவப்பு நூலில் மும்மூன்றாகக் கட்டிய சதுர ஓட்டைக் காசுகள் விற்கிறார்கள். கல்லாப்பெட்டியில் போட்டால் வியாபாரம் பெருகுமாம். அதே மாதிரி ஒன்று மேல்பட்டாம்பாக்கத்தில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தால், 'சோழர் காலத்துச் சீனக் காசு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும்.

இப்படி நம்பும் ஆசைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1077இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், சோழத் தூதுக்குழு ஒன்று சீனா போனது. சோங் வம்ச அரசவை தந்த பதில் மரியாதையில் செப்புக்காசு மட்டும் 81,800 சரம். தஞ்சை வட்டாரத்தில் மண்ணுக்கடியிலிருந்து சீனக் காசுப் புதையல்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சோங் காலத்தவை.

ஆனால் கிடைப்பதெல்லாம் பணமல்ல, தாயத்தும் உண்டு. பணமாகப் புழங்கிய காசு அச்சடித்ததல்ல, வார்த்தது. வார்ப்பிலிருந்து உடைத்தெடுத்த காசுகளைச் சதுரக் கம்பியில் வரிசையாகக் கோத்து, சுற்றிவிடாமல் பிடித்து, விளிம்பை அரத்தால் ராவினார்கள். ஓட்டை சதுரமாக இருந்தது அதற்கு வசதி. சரம் சரமாக எண்ணிக் கொடுக்க வேண்டிய பொருளுக்கு அலங்காரம் எதற்கு? முன்பக்கம் நான்கே எழுத்து: இரண்டு பெரும்பாலும் அரசரின் ஆட்சிப்பெயர், மற்ற இரண்டும் இது பணம் என்று சொல்பவை. சோங் காசின் பின்பக்கம் அநேகமாக வெறுமை. சிங் வம்சக் காசில் மஞ்சு எழுத்து, ஓட்டையின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும். வலப்பக்கம் இருப்பது வார்த்த நாணயச்சாலையின் பெயர்.

பின்பக்கத்தில் டிராகன், ராசி விலங்கு, எட்டு முக்கோட்டுக் குறிகள் இருந்தால் அது தாயத்து. முன்னால் அரசர் பெயரே இருந்தாலும் ஏமாறாதீர்கள். அதற்காகத் தூக்கி எறிந்தும் விடாதீர்கள். நூற்றாண்டு கடந்த தாயத்துகளைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

குழப்பம் ஒன்று உண்டு. சிங் பேரரசர் காங்சி காலத்து 20 நாணயச்சாலைகளின் காசுகளை ஒரே சரமாகக் கோத்துச் சீனர்களே காப்பாக அணிந்தார்கள். அசல் பணமே தாயத்தானது! இன்று 'ஐந்து பேரரசர் காசு' என்று விற்கும் சரங்களில் பெரும்பாலும் நகல்தான்: மஞ்சு எழுத்து கோழி கிளறியது போலிருக்கும், ஐந்திலும் ஒரே பச்சைக் களிம்பு. காந்தம் ஒட்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் சோங் காலத்தில் சிச்சுவான் பக்கம் இரும்புக் காசே புழங்கியது என்பதால் அதுவும் முடிந்த முடிவல்ல.

எதுவானாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு சாட்சியும் போய்விடும். வயலில் குவியலாக அகப்பட்டால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.