பாக்கும் வைரசும்

தாம்பூலம் நம்மவர்க்கு மங்கலப் பொருள். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலோ, குளிரையும் பசியையும் மறக்கச் செய்யும் துணையும் அதுவே. ஆயினும், இலங்கை ஆண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றே. வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் அதன் முதற்காரணங்கள். பேராதனைப் பல்மருத்துவ பீடத்தார் இந்நோயை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றை விளைக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்டது.

மேல்நாடுகளின் நிலை வேறு. அமெரிக்காவில் புகைப்போர் குறைந்தும், நாவின் அடியிலும் டான்சில் சதையிலும் எழும் தொண்டைப் புற்று பெருகிற்று. காரணம் ஹியூமன் பப்பிலோமா வைரசு. சிறப்பாக அதன் 16-ஆம் வகை. கருப்பைக் கழுத்துப் புற்றுக்கும் இவ்வைரசே காரணமெனக் கண்ட ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபெல் பரிசு பெற்றார்.

கருப்பைக் கழுத்தைக் காக்கவென இலங்கைப் பாடசாலைகளில் 2017 முதல் ஆறாந்தர மாணவியர்க்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி இடப்பட்டு வருகிறது. வாயில் அவ்வைரசு தொற்றுவதையும் அது குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பாக்கின் தீங்கை எந்த ஊசியும் தடுக்காது.

ஆதலின், தயங்கும் பெற்றோரிடம் ஊசியின் பயனை எடுத்துரைக்கும் ஆசிரியர்கள், ஆறாத வாய்ப்புண்ணையும் வெண்படலத்தையும் அசட்டை செய்யாது மருத்துவரிடம் காட்டுமாறு அவர்க்கே சொல்லவும் வேண்டுமென்பேன். மகளுக்கு ஊசி இடப்பட்டபின் தந்தையின் வாயை யாரும் பாராதிருத்தல் தகுமோ?