உறுமும் கார்!
சைலன்சரை மாற்றலாமா?

"மியாட்டா" என்று ஒரு கார். ஜப்பானின் மாஸ்டா கம்பெனி செய்தது. 1989-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கியபடி போகலாம்.

இதை வாங்கும் வாலிபர்கள் பலருக்கு ஓர் ஆசை. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் வேறொன்றை மாட்டவேண்டும். கார் சிங்கம்போல் உறுமவேண்டும்!

மாட்டலாமா?

சைலன்சரை மட்டும் மாற்றினால் வேகம் பெரிதாகக் கூடாது. கூடுவது சத்தம்தான்!

கலிபோர்னியா மாநிலத்தில் இதற்குச் சட்டம் உண்டு. 95 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது. மீறினால் அபராதம். புகையின் நஞ்சைக் குறைக்கும் கருவியும் அதே குழாயில்தான் இருக்கிறது. அதைக் கழற்ற அமெரிக்கா முழுவதும் தடை.

ஓட்டுகிறவருக்கு அது சங்கீதம். விடியற்காலையில் வண்டியைக் கிளப்பினால்? அடுத்த வீட்டுக் குழந்தை வீறிட்டு அழும்!

ஆசைப்படுகிறவர் முதலில் ஒன்று செய்யலாம். சைலன்சரை மாற்றிய நண்பரின் காரில் ஒரு நாள் முழுவதும் போய்ப் பார்க்கலாம். காலையில் இனித்த சத்தம் மாலையிலும் இனிக்கிறதா? இனித்தால், சட்டத்துக்கு அடங்கிய சைலன்சரை மாட்டலாம்.

பழையதை மட்டும் எறிந்துவிடக்கூடாது. திரும்பவும் தேவைப்படலாம்!